பீட்ரூட் மாப்பிள்ளை

தார் உருகுகிற வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சைக்கிள் மிதிக்கிற ஒருவரைப் பார்த்தால் எந்தத் தெரு நாயும் குரைப்பதா வேண்டாமா என்று ஒரு நிமிடம் யோசிக்கும். நம்மவர் தெருவில் இருக்கிற நாய்கள் யோசிப்பதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகிவிட்டன. பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. மற்ற எல்லோருக்கும் அவர் 'ஸ்வெட்டர்'தான். சாம்பல் நிறம், இரண்டு முழங்கையிலும் மனைவி வைத்துத் தைத்த நீல ஒட்டு.

காய்கறிக் குளிர்க்கிடங்கு ஒன்றில் இயந்திரம் பார்ப்பது அவர் தொழில். குளிரிலிருந்து வெளியே வந்த உடனே ஸ்வெட்டரைக் கழற்றினால் சளி பிடிக்கும், ஆகவே சாயங்காலம் வரை கழற்றக்கூடாது, சாயங்காலம் மறந்துவிடும். இப்படித்தான் அது உடம்போடு ஒட்டிப்போனது.

அவரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. எண்ணாகத் தெரிகிற எதையும் நம்புவார். எண்ணாகத் தெரியாத எதையும் நம்பமாட்டார். வீட்டுக் கூடத்தில் ஒரு வெப்பமானி மாட்டியிருந்தார். "என்னங்க, புழுக்கமா இருக்குல்ல?" என்று மனைவி கேட்டால், முதலில் சுவரைப் பார்ப்பார், பிறகுதான் அவருக்கு வியர்க்க ஆரம்பிக்கும்.

கிடங்கின் அமைப்பைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒரு நீண்ட நடை. அதன் கடைசியில் ஓரமெல்லாம் ரப்பர் வைத்த ஒரு தடித்த கதவு. கதவுக்குப் பக்கத்தில் சிவப்பு எண்கள் மின்னுகிற ஒரு பெட்டி. உள்ளே காய் நிரப்பிய பெட்டிகள் அடுக்கடுக்காக நிற்கும். மேலே குளிர்காற்றை ஊதும் பெரிய மின்விசிறி. அந்த விசிறிக்கு நேர் எதிரே ஒரு கம்பிக்கூடை தொங்கும். கூடையில் ஒரே ஒரு காய் உட்கார்ந்திருக்கும். அதன் வயிற்றில் பென்சில் தடிமனில் ஒரு கம்பி செருகியிருக்கும். அந்தக் கம்பிதான் சூடு பார்த்து வெளியே இருக்கிற பெட்டிக்கு எண்ணாகச் சொல்லும். அந்தக் காயின் உள்பக்கம் குளிரும்வரை இயந்திரம் ஓடும்; குளிர்ந்ததும் நிற்கும்.

அதாவது, அறையில் உள்ள அத்தனை காய்களும் குளிரில் இருக்கின்றனவா வெந்துகொண்டிருக்கின்றனவா என்பதை ஒரே ஒரு காய் சொல்லும். அது சொல்வதை இயந்திரம் கேட்கும். இந்த ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இதைவிடப் பெரிய காரியங்களையெல்லாம் மனிதர்கள் இதே முறையில்தான் நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

விசிறிக் காற்று வாங்கிக்கொண்டு, ஒரு வேலையும் செய்யாமல், எல்லோரையும் தன் சொல்லுக்கு ஆட வைக்கிற அந்தக் காய்க்குச் சுமை தூக்குகிறவர்கள் 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருந்தார்கள். புதுச் சரக்கு வரும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு பெரிய காயை எடுத்து, பழைய மாப்பிள்ளையை இறக்கிவிட்டுப் புதியவரை ஏற்ற வேண்டும் என்பது விதி.

போன வருடம் குழந்தைத் தலை அளவுக்கு ஒரு பீட்ரூட் மாப்பிள்ளையாக அமைந்தது. அந்தப் பருவம் முழுக்க ஒரு காய்கூட அழுகவில்லை. முதலாளி வந்து ஸ்வெட்டரின் தோளைத் தட்டிக்கொடுத்தார். முதலாளி கை பட்ட இடத்தை ஸ்வெட்டர் இரண்டு நாள் துவைக்க விடவில்லை. யோசித்துப் பார்த்ததில், இவ்வளவுக்கும் காரணம் அந்த மாப்பிள்ளையின் ராசி என்று அவருக்குப் பட்டது. ராசியான ஆளை யாராவது இறக்கிவிடுவார்களா? அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். அதன் பிறகு அந்த அறைக்கு வந்ததெல்லாம் வேறொரு கிடங்கில் ஏற்கெனவே குளிர்ந்திருந்த ஆப்பிள்கள். அவற்றைப் புதிதாகக் குளிர வைக்க வேண்டியதில்லை. எந்தக் குறையும் வெளியே தெரியவில்லை. விசிறி மட்டும் ராவும் பகலுமாக மாப்பிள்ளையின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. குழந்தைத் தலை சுருங்கிச் சுருங்கி, கொழுத்த எலுமிச்சை அளவுக்கு, நெற்றி நிறையச் சுருக்கத்தோடு, ஓய்வுபெற்ற அதிகாரி மாதிரி ஆகிவிட்டது.

இந்த நிலையில்தான் சகலையின் சரக்கு வந்தது.

சகலை என்றால் ஸ்வெட்டருடைய மனைவியின் அக்கா புருஷன். பீட்ரூட் விவசாயி. அறுவடை ஆனதும் வயலிலேயே விற்றுவிடுகிற ஆள். "கொஞ்ச நாள் வச்சிருந்து வித்தா என்ன? நம்ம வீட்டு மனுஷன் கிடங்குல இருக்கும்போது?" என்று அக்காவும் தங்கையும் மாற்றி மாற்றி ஓதியதில், முதன்முறையாக மொத்த விளைச்சலையும் கொண்டுவந்து இறக்கிவிட்டார். அன்றைக்கு அக்கா வீட்டில் கை கழுவிக்கொண்டே நம்மவர் சொன்ன வார்த்தை: "என் பொறுப்பு சகலை. நீங்க நிம்மதியா தூங்குங்க."

அக்கா தங்கை இருவருக்கும் நடுவில் அந்த வார்த்தை சாட்சியாக உட்கார்ந்துகொண்டது. பீட்ரூட் கெட்டால் சகலைக்கு ஒரு வருட உழைப்பு போகும். ஸ்வெட்டரின் மனைவிக்குக் கூடப் பிறந்தவள் போவாள். ஸ்வெட்டருக்கு என்ன போகும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை; அவர் அதே வீட்டில்தான் சாப்பிட்டாக வேண்டும்.

சகலை நிம்மதியாகத்தான் தூங்கினார். ஆனால் ஒருநாள் தூக்கம் கலைந்து காயைப் பார்க்க வந்துவிட்டார். நேராக உள்ளே போய், அடுக்கின் நடுவில் இருந்த ஒரு பெட்டிக்குள் கையை முழங்கை வரை விட்டார். விட்ட கையை எடுக்காமலே திரும்பிப் பார்த்தார்.

"சகலை, இது என்ன கிடங்கா, சமையல்கட்டா?"

"ஏன் சகலை? ஒரு டிகிரி காட்டுதே."

"அது காட்டுது. வயல்ல இருந்த சூடு அப்படியே இருக்குன்னு என் கை காட்டுது."

"கை சொல்றதையெல்லாம் கேட்க முடியுமா? அது எலக்ட்ரானிக்."

"அப்ப அந்த எலக்ட்ரானிக்குக்கு இதைக் காட்டுங்க." சகலை ஒரு பீட்ரூட்டை வெளியே எடுத்தார். அதன் உச்சியில் வெளிர் மஞ்சளாகக் குட்டி இலைகள் எட்டிப் பார்த்தன. "முளைக்குது! நான் காயை வைக்கக் கொடுத்தேனா, நாத்து விடக் கொடுத்தேனா?"

"அது... சில காய் அப்படித்தான்..."

"மெஷின் ஏன் நின்னுக்கிட்டே இருக்கு? நான் வந்ததுல இருந்து ரெண்டு தடவை இருமிட்டு நின்னுடுச்சு. நிறுத்திப் போட்டுட்டுத் தூங்குறீங்களா?"

"குளிர்ந்தாச்சு, அதான் நிக்குது. கரண்ட் செலவு பாதியா குறைஞ்சிருக்குன்னு முதலாளியே சபாஷ் சொன்னார்."

சகலை அந்தச் சபாஷை மதிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் லாரியோட வரேன். காய் ஜில்லுன்னு இருந்தா இருக்கட்டும். இல்லேன்னா ஏத்திட்டுப் போயிடறேன். காயோட சேர்த்து சொந்தத்தையும் ஏத்திட்டுப் போயிடறேன்."

அவர் போன பிறகு ஸ்வெட்டர் தன் கையையும் அதே பெட்டிக்குள் விட்டுப் பார்த்தார். சூடாகத்தான் இருந்தது போலிருந்தது. வெளியே வந்து எண்ணைப் பார்த்தார். ஒன்று. மறுபடி உள்ளே போய்க் கையை விட்டார். சூடு. இப்படி நாலைந்து தடவை உள்ளேயும் வெளியேயும் நடந்த பிறகு, ஒரு நியாயமான முடிவுக்கு வந்தார்: எண் பொய் சொல்லாது, ஆகவே கை கெட்டுப்போய்விட்டது. சகலையின் கையும் கெட்டிருக்கலாம். குடும்பத்தில் பரவுகிற வியாதியோ என்னவோ.

டாக்டரிடம் போனார்.

"கைக்குக் குளிர் தெரியல டாக்டர். ஒரு டிகிரியில இருக்கிற பொருள் சூடா தெரியுது."

"என்ன பொருள்?"

"பீட்ரூட்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, "ரெண்டுலயும் விரலை வைங்க. எது சூடு?" என்றார். ஸ்வெட்டர் பழக்க தோஷத்தில் முதலில் டம்ளரிலும், பிறகு சுவரிலும் எண் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தேடினார். கடைசியில் விரலை வைத்துச் சரியாகச் சொன்னார். டாக்டர் டம்ளர்களை இடம் மாற்றிக் கேட்டார். அதையும் சரியாகச் சொன்னார்.

"கை நல்லாத்தான் இருக்கு."

"அப்ப பீட்ரூட் சூடாத்தான் இருக்கா டாக்டர்?"

டாக்டர் அவர் முகத்தை ஒருமுறை பார்த்தார். ஸ்வெட்டரை ஒருமுறை பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார்.

கை யோக்கியம் என்று ஆகிவிட்டதால் சந்தேகம் கம்பியின் மேல் விழுந்தது. மெக்கானிக் வரவழைக்கப்பட்டார். கறாரான ஆள். தன் வேலை எது, தன் வேலை இல்லாதது எது என்பதில் மட்டும் அவருக்கு எப்போதும் குழப்பம் வந்ததில்லை.

"கம்பியைச் சோதிக்கணும். இந்தக் காயைப் பிடுங்குங்க."

"மெதுவா மெதுவா. அது மாப்பிள்ளை. ராசியான காய்."

"இதுவா மாப்பிள்ளை? இவருக்குக் கல்யாணம் எப்ப ஆச்சு, தாத்தா காலத்துலயா?"

ஸ்வெட்டர் தாமே இரண்டு கையாலும் மாப்பிள்ளையை இறக்கி, கைக்குட்டையின் மேல் வைத்தார். மெக்கானிக் கம்பியை ஐஸ் போட்ட தண்ணீரில் முக்கினார். பூஜ்யம். தன் டீயில் முக்கினார். எண் விறுவிறுவென்று ஏறியது. டீயைக் கீழே கொட்டிவிட்டு, "கம்பி சுத்தம். மெஷினும் சுத்தம். கம்பி போதும்னு சொன்னா நிக்குது, ஓடுன்னு சொன்னா ஓடுது. இதைவிட என்ன வேணும்?" என்றார்.

"ஆனா காய் சூடா இருக்கே?"

"காய் என் வேலை இல்ல சார்."

மாப்பிள்ளை மறுபடி கூடை ஏறினார். மெக்கானிக் போய்விட்டார். ஸ்வெட்டர் நடையில் கவிழ்த்துப் போட்ட ஒரு காலிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கை சரி. கம்பி சரி. இயந்திரம் சரி. காய் சூடு. இந்த வழக்கில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை; ஆனால் உண்மையைத்தான் காணோம். யாராவது ஒருவர் பொய் சொல்லியிருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

அன்று மத்தியானம் வீட்டில் தட்டு வைக்கப்பட்ட சத்தத்திலேயே, அக்கா ஃபோன் செய்திருக்கிறாள் என்பது தெரிந்தது. சட்டியில் முழுசு முழுசாக வறுத்த உருளைக்கிழங்கு. ஓரத்தில் மெலிசான சில துண்டுகள் காய்ந்து சருகாகிக் கிடந்தன. ஸ்வெட்டர் ஒரு சருகை எடுத்து வாயில் போட்டார். ஆறியிருந்தது. ஆறிவிட்டதே என்று ஒரு முழுக் கிழங்கை எடுத்துக் கடித்தார்.

அடுத்த கொஞ்ச நேரம் அவர் பேசியது எந்த மொழியிலும் சேராது.

"பார்த்துக் கடிக்கக் கூடாதா?" மனைவி தண்ணீரை நகர்த்தினாள்.

"ஒரே சட்டி. ஒரே நேரத்துல இறக்கினதுதானே? அது ஆறிடுச்சு, இது ஏன் ஆறல?"

"அது காய்ஞ்ச சருகு. அதுக்குள்ள என்ன இருக்கு? இது உள்ள பூரா தண்ணி. தண்ணி உள்ளது அவ்வளவு லேசுல சூட்டை விடுமா?"

ஸ்வெட்டர் மனைவியின் முகத்தைக் கவனமாகப் பார்த்தார். அவள் சாதாரணமாகப் பேசுகிற ஆள் இல்லை. எதைச் சொன்னாலும் உள்ளே ஒன்றை வைத்துத்தான் சொல்வாள். உள்ளே பூரா தண்ணீர், லேசில் விடாத சூடு. ஆக, அழுதிருக்கிறாள், கோபமும் ஆறவில்லை.

"அக்கா ரொம்பத் திட்டிட்டாங்களா?"

"நான் உருளைக்கிழங்கைப் பத்திப் பேசறேன்."

"சரி சரி. உங்க அக்கா மனசு சருகு மாதிரின்னு சொல்றே. சட்டுனு ஆறிடும்னு."

"எங்க அக்காவை எதுக்கு இழுக்கறீங்க? கிழங்குன்னா கிழங்கு!"

அவர் தலையை ஆட்டிவிட்டு, இன்னும் ஆழமான அர்த்தம் ஏதோ இருக்கிறது என்று யோசித்தபடியே கிடங்குக்குத் திரும்பினார்.

சகலை வெள்ளிக்கிழமை வரை பொறுக்கவில்லை. புதன்கிழமை காலையிலேயே, லாரி இல்லாமல், இயந்திரம் ஓடுகிறதா என்று வேவு பார்க்க வந்துவிட்டார். உள்ளே நுழைந்தவர் கண்ணில் அன்றைக்குத்தான் விசிறிக்கு எதிரே தொங்கிய கூடை பட்டது.

"இது என்ன?"

"மாப்பிள்ளை. இவர் சொல்றதைத்தான் மெஷின் கேட்கும்."

"என் வயல்ல இந்த அவலட்சணம் விளையலையே?"

"உங்க காயில்ல சகலை. போன வருஷத்துக் காய். ரொம்ப ராசி..."

சகலைக்குக் காது வரை சிவந்தது. "என் காய்க்குக் குளிருதா இல்லையான்னு ஊர் பேர் தெரியாத இந்தக் கிழவனைக் கேட்கறீங்களா? என் வீட்டுப் பிள்ளைக்குப் பசிக்குதான்னு பக்கத்து வீட்டுக்காரனைக் கேப்பீங்களா? என் காயைக் கேளுங்க!" என்று மாப்பிள்ளையைப் பிடுங்கி ஸ்வெட்டர் கையில் திணித்தார். தன் பெட்டிகளைக் கிளறி, இருப்பதிலேயே கொழுத்த ஒரு பீட்ரூட்டை எடுத்து, கம்பியில் ஓங்கிக் குத்திக் கூடையில் வைத்தார்.

இருவரும் வெளியே வந்து எண்ணைப் பார்த்தார்கள். ஐந்து. பன்னிரண்டு. பத்தொன்பது. இருபத்து மூன்றில் போய் நின்றது. இயந்திரம் உறுமிக்கொண்டு எழுந்தது.

"ஐயையோ! உள்ள இருந்த குளிரையெல்லாம் கெடுத்துட்டீங்களே சகலை!" ஸ்வெட்டர் அலறினார்.

சகலைக்கும் உள்ளூரப் பயம்தான். "நான் காயைத்தானே மாத்தினேன்? ஒரு காயை மாத்தினா ரூமே சூடாயிடுமா?" என்று கேட்டார். கேட்ட தோரணை, ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடுகிற தோரணை.

இயந்திரம் நிற்கவில்லை. வழக்கமாக ஒரு தும்மல் தும்மிவிட்டு அடங்குகிற நேரம் எப்போதோ தாண்டிவிட்டது, ஓடிக்கொண்டே இருந்தது. அதன் அதிர்வில் நடையில் இருந்த வாளியின் கைப்பிடி கிணுகிணுத்தது. இவ்வளவு நேரம் ஓடி ஸ்வெட்டர் இந்த வருடம் பார்த்ததே இல்லை. எரிந்துபோகுமோ? நிறுத்தினால் இயந்திரம் பிழைக்கும், முதலாளியின் சபாஷும் பிழைக்கும். விட்டால் ஒருவேளை காய் பிழைக்கும். அவர் வலது கை விசையின் மேல் போய் உட்கார்ந்தது.

இடது கையில் இன்னும் மாப்பிள்ளை இருந்தார். கனமே இல்லை. உள்ளே காற்று மட்டும் குடியிருப்பது போலிருந்தது. குளிர் அறையிலிருந்து வந்த பொருள். ஆனால் உள்ளங்கையில் வைத்த சற்று நேரத்துக்கெல்லாம் கையின் சூட்டை வாங்கிக்கொண்டு வெதுவெதுப்பாகியிருந்தது. விசிறி முன்னால் வைத்தால் அதே வேகத்தில் குளிர்ந்துவிடும் போலிருக்கிறது. எங்கே வைத்தாலும் அந்த இடத்துக்குத் தகுந்த மாதிரி உடனே மாறிக்கொள்கிற ஆசாமி. இவர் குளிர்ந்துவிட்டார் என்று இயந்திரம் நின்றுவிடும். உடம்பெல்லாம் தண்ணீரோடு இருக்கிற மற்றவர்கள் சூட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு...

"உருளைக்கிழங்கு!" என்றார் ஸ்வெட்டர்.

"என்னது?"

"கிழங்குன்னா கிழங்குதான் சகலை. வேற அர்த்தமே இல்ல."

சகலை ஒரு அடி பின்னால் நகர்ந்தார். சொந்தக்காரர் ஒருவருக்குப் புத்தி பேதலிக்கும்போது பக்கத்தில் இருக்க யாருக்குத்தான் பிடிக்கும்?

"இது காய்ஞ்சது. சட்டுனு குளிரும். உங்களுது தண்ணி உள்ளது. மெதுவாத்தான் குளிரும். இதைக் கேட்டு மெஷின் நின்னுச்சு. எல்லாரும் உண்மையைத்தான் சொல்லியிருக்காங்க. ஆனா இவர் அவரோட உண்மையைச் சொல்லியிருக்கார். நம்ம உண்மையை இல்ல." சொல்லி முடித்ததும், தான் சொன்னது தனக்கே முழுதாகப் புரியவில்லை என்பதை உணர்ந்து, ஸ்வெட்டர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மூன்றாவது முறை சொன்னபோது இன்னும் குழம்பியது. ஆனால் விசையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

சகலை போகவில்லை. கதவைத் திறக்க விடாமல் நடையிலேயே ஆளுக்கொரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். எண் அசைவேனா என்றது. இருபத்திரண்டுக்கு வரவே மனசில்லாமல் வந்தது, பிறகு இருபது. நடுவில் முதலாளி ஃபோன் செய்து, மீட்டர் பேய் பிடித்த மாதிரி சுற்றுகிறதாமே என்று கேட்டார். "காயைக் கேட்டுக்கிட்டு இருக்கோம் முதலாளி" என்று ஸ்வெட்டர் பணிவாகப் பதில் சொன்னதும், முதலாளி ஃபோனை வைத்துவிட்டார்.

சாயங்காலம் முதல்முறையாக இயந்திரம் நின்றது. கொஞ்ச நேரத்தில் தானாகவே எழுந்து மறுபடி ஓடியது. அன்று இரவும் மறுநாளும் ஓட்டமாகவே ஓடியது. கதவோரத்தில் இருந்த சில பெட்டிகள் கைவிட்டுப் போயிருந்தன. அவற்றின் காய்கள் பஞ்சாகி, முளைவிட்டு, தொட்டால் குழிந்தன. இருவருமாக அவற்றை வெளியே அடுக்கினார்கள். மற்ற அடுக்குகள் என்ன நிலையில் இருக்கின்றன என்பதுதான் கேள்வி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லாரி வந்து நின்றது. டிரைவர் இறங்கிச் சோம்பல் முறித்துவிட்டு நடைக்குள் வந்தார். ஸ்வெட்டர் சிவப்பு எண்ணைக் காட்டினார். ஒன்று.

"போன தடவையும் ஒண்ணுதான் காட்டுச்சு" என்றார் சகலை.

"அப்ப கையை விட்டுப் பாருங்க."

"கையும் வேணாம். கதவுப் பிடியைப் பிடிச்சதுல கையே ஜில்லுன்னு ஆயிடுச்சு. அது என்ன சொல்லும்னு தெரியாது." எண்ணையும் நம்ப முடியாமல், கையையும் நம்ப முடியாமல் சகலை உள்ளே போனார்; ஸ்வெட்டரும் பின்னாலேயே போனார். சகலை அடுக்கின் நட்டநடுவிலிருந்து ஒரு பெட்டியை இழுத்து, அதன் அடியிலிருந்து ஒரு பீட்ரூட்டை எடுத்து, யாராக இருந்தாலும் செய்யத் தயங்கும் ஒரு காரியத்தைச் செய்தார். பச்சையாக, மண்ணை மட்டும் துடைத்துவிட்டு, கடைவாயில் வைத்து ஒரே கடியாகக் கடித்தார்.

சகலையின் கண்கள் விரிந்தன. பிறகு இறுக மூடிக்கொண்டன. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி, நொண்டியபடி கதவைத் தாண்டி வெளியே ஓடி வந்தார். வாயிலிருந்து சிவப்புச் சாறு மோவாய் வழியே சட்டையில் சொட்டியது.

டிரைவர் பதறிப்போனார். "ஐயோ அண்ணே! காய்க்காகவா அடிச்சுக்கிட்டீங்க? சொந்தக்காரங்கதானே? ஏன் சார், இப்படியா பல்லைப் பேர்ப்பாங்க?"

"நான் தொடவே இல்லங்க!" என்றார் ஸ்வெட்டர் உள்ளேயிருந்து. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "என்ன சகலை, சூடா? சூடா இருக்கா? சொல்லுங்க சகலை!"

சகலை பேச முடியாமல் கையை இப்படியும் அப்படியும் வேகமாக ஆட்டினார்.

"எல்லாத்தையும் ஏத்தணுமா அண்ணே?" என்றார் டிரைவர்.

கை இன்னும் வேகமாக ஆடியது. எல்லாவற்றையும் ஏற்று என்கிறாரா, ஒன்றையும் ஏற்றாதே என்கிறாரா? ஸ்வெட்டரின் மனக்கண்ணில் லாரியும், பெட்டிகளும், மூட்டை முடிச்சோடு கிளம்பிப் போகிற மனைவியின் அக்காவும் வரிசையாக வந்து போனார்கள்.

கடைசியில் சகலை ஒருவழியாக வாயிலிருந்ததை விழுங்கினார். கண்ணில் நீர் நின்றது.

"பல்லு... கூசுது சகலை. உச்சி மண்டை வரைக்கும் கூசுது." மூச்சு வாங்கினார். "லாரி வேணாம். முதல்ல கதவை மூடுங்க. குளிர் பூரா வெளிய போகுது."

ஸ்வெட்டர் ஒரு கணம்கூடத் தாமதிக்காமல் அந்தத் தடித்த கதவை இழுத்து மூடினார். மூடிய பிறகுதான், தான் உள்ளே நிற்பதும், சகலை வெளியே நிற்பதும் அவருக்கு மெல்லப் பிடிபட்டது.